தானே ஆடும் மோதிரம்

ஒரு மோதிரத்தை முக்கால் அடி நூலில் கட்டிக்கொள்ளுங்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, நூலின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். கீழே ஒரு தாளில் பெரிய கூட்டல் குறி வரைந்து, அதன் நடுப்புள்ளிக்கு நேர்மேலே மோதிரத்தை அசையாமல் நிறுத்துங்கள். இனிக் கையை ஆட்டக் கூடாது. மோதிரம் நெடுக்குக் கோட்டில் போய்வருவதாக நினைத்தால் போதும். கண்ணும் அந்தக் கோட்டிலேயே போய்வரட்டும். சற்று நேரத்தில் பெரும்பாலானோருக்கு மோதிரம் அந்தக் கோட்டில் ஆடத் தொடங்கிவிடும். குறுக்குக் கோட்டுக்கு நினைப்பை மாற்றினால் ஒரு கணம் தடுமாறி, பிறகு குறுக்காக ஆடும். வட்டத்தை நினைத்தால் வட்டமடிக்கும். கை அசைந்ததாக உங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

இதை முறையாக ஆராய்ந்தவர் மிஷேல் எழேன் ஷெவ்ரல் என்ற பாரிஸ் வேதியியலாளர். அந்தக் காலத்தில் ஊசலைப் பாதரசத்தின் மேலும் உலோகங்களின் மேலும் பிடித்து, அது ஆடுவதைக் கண்டு ஏதோ மறைசக்தி இருக்கிறது என்று நம்பியவர்கள் இருந்தார்கள். ஷெவ்ரல் தானே பிடித்துப் பார்த்தார். பாதரசத்தின் மேல் ஊசல் ஆடியது. நடுவே கண்ணாடித் தகட்டை வைத்ததும் நின்றது. சக்தி நிரூபணமாகிவிட்டது என்று அவர் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. கையை ஒரு கட்டையில் தாங்கவைத்து, அந்தக் கட்டையைச் சிறிது சிறிதாக விரல் பக்கம் நகர்த்தினார். ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் தன் கண்ணைக் கட்டச் சொன்னார். பாதரசத்துக்கும் கண்ணாடிக்கும் எந்த வேறுபாடும் இல்லாமல் போயிற்று. ஊசல் ஆடும் என்று எதிர்பார்த்த மனம், தனக்கே தெரியாமல் விரல் தசைகளை அசைத்திருக்கிறது. 1833இல் இயற்பியலாளர் ஆம்பேருக்கு எழுதிய திறந்த கடிதத்தில் இதையெல்லாம் விவரித்தார். ஷெவ்ரல் 102 வயதுவரை வாழ்ந்தார். ஐஃபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று.

சுயவசியம், சுய ஹிப்னாடிசம், தற்கருத்தேற்றம் என்று பல பெயர்களில் இன்று கற்றுத்தரப்படும் பயிற்சிகளில் இந்த ஊசலும் ஒன்றாக இருக்கிறது. முதல் பாடமாகவே பலர் இதை வைக்கிறார்கள். காரணம் இருக்கிறது. எண்ணம் தலைக்குள் மட்டும் நடப்பதில்லை, அது தசை வரைக்கும் போகிறது என்பதை ஒரே நிமிடத்தில் கண்ணால் காட்டிவிடுகிறது. இங்கே யாரும் உங்களை வசியம் செய்யவில்லை. நூலைப் பிடித்தவரும் நீங்கள், நினைத்தவரும் நீங்கள்.

இந்த உண்மையைப் பாரிஸில் முதன்முதலில் அழுத்திச் சொன்னவர் நம் பக்கத்து மனிதர் ஒருவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பாரிஸின் லாச்சப்பல் மெத்ரோ நிலையம் தரைக்கு மேலே, இரும்புத் தூண்கள் தாங்கும் பாலத்தில் நிற்கிறது. படி இறங்கினால் தமிழ்ப் பலகைகள்: புடவைக் கடை, நகைக் கடை, முருங்கைக்காயும் கருவாடும் விற்கும் பலசரக்குக் கடை. படி இறங்காமல் அதே நிலையத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோவை மேற்கு நோக்கிப் பிடித்தால் பார்பெஸ், ஆன்வேர், பிகால், பிளான்ஷ் கடந்து ஐந்தாவதாகப் பிளாஸ் து கிளிஷி வரும். அங்கிருந்து தெற்கே இறங்குகிறது கிளிஷி தெரு. அந்தத் தெருவின் 49ஆம் இலக்கக் கட்டடத்தில் 1813 ஆகஸ்ட் மாதம் ஒரு பாதிரியார் பொதுமக்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினார். வியாழக்கிழமைதோறும் வகுப்பு, நுழைவுக் கட்டணம் 5 பிராங்க். கறுத்த நிறம், உயரமான உருவம். பெயர் ஜோசே குஸ்தோதியோ தெ ஃபாரியா. பிரெஞ்சுக்காரர்கள் அபே ஃபாரியா என்றார்கள். 1756 மே 31இல் கோவாவின் கண்டோலிம் கிராமத்தில் பிறந்தவர். அலெக்சாந்தர் துமாவின் 'மான்டி கிறிஸ்டோ பிரபு' படித்தவர்களுக்கு நிலவறையில் கதாநாயகனுக்குப் பாடம் சொல்லும் கிழப் பாதிரியார் ஞாபகம் வரலாம். துமா பெயரை எடுத்துக்கொண்டது இவரிடமிருந்துதான்.

ஃபாரியாவின் வாழ்க்கை ஒரு நாவலுக்குக் குறையாதது. தாயும் தந்தையும் திருச்சபையின் அனுமதியோடு பிரிந்தார்கள். தாய் கன்னியர் மடம் புகுந்தார், தந்தை குருவானார். 1771இல் தந்தையும் மகனும் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார்கள். மகன் ரோமில் படித்துக் குருப்பட்டம் பெற்றார். 1787இல் கோவாவில் போர்த்துக்கீசிய ஆட்சிக்கு எதிராகப் பிந்தோ சதி என்று பெயர்பெற்ற கிளர்ச்சித் திட்டம் வெளிப்பட்டபோது தந்தை, மகன் இருவர் மீதும் சந்தேகம் விழுந்தது. அடுத்த ஆண்டு மகன் பாரிஸ் வந்தார். வந்த மறுவருடம் பிரெஞ்சுப் புரட்சி.

கோவாவில் அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். போர்த்துக்கல் அரசியின் முன்னால் மறையுரை சொல்ல மேடை ஏறிய இளம் ஃபாரியாவுக்கு அங்கிருந்த பிரபுக் கூட்டத்தைக் கண்டு நா எழவில்லையாம். கீழே இருந்த தந்தை கொங்கணியில் மெல்லச் சொன்னாராம்: எல்லாம் வெறும் காய்கறிதான், வெட்டித்தள்ளு என்று. மகன் தடையில்லாமல் பேசி முடித்தாராம். நடந்ததோ இல்லையோ, கோவாக்காரர்கள் இந்தக் கதையை விடாமல் வைத்திருப்பதில் ஒரு நியாயம் உண்டு. தாய்மொழியில் காதில் விழுந்த நாலு சொல் ஒருவருடைய உடம்பை எப்படி மாற்றியது என்ற கேள்வியைத்தான் அவர் பிற்காலத்தில் ஆயுள் முழுக்கத் துரத்தினார்.

ஃபாரியா எதை எதிர்த்துப் பேசினார் என்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு முந்தைய முப்பது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். வியன்னாவிலிருந்து 1778இல் பாரிஸ் வந்த மருத்துவர் ஃபிரான்ஸ் அன்டன் மெஸ்மர், எல்லா உயிர்களிலும் ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அதை என் கையால் உங்களுக்குள் செலுத்தி நோய் தீர்ப்பேன் என்றார். பிரபுக்களும் சீமாட்டிகளும் அவர் வீட்டுத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, வலிப்பு வந்து துடித்து, குணமாகித் திரும்பினார்கள். 1784இல் மன்னர் பதினாறாம் லூயி விசாரணைக் குழு அமைத்தார். தலைமை, அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின். குழுவில் வேதியியலாளர் லவாசியேவும் இருந்தார். மெஸ்மரின் சீடர் தெஸ்லோன், ஃபிராங்க்ளினின் வீட்டுத் தோட்டத்தில் ஒரேயொரு ஏப்ரிகாட் மரத்துக்குக் காந்தமேற்றினார். கண் கட்டப்பட்ட பன்னிரண்டு வயதுப் பையனை வேறு நான்கு மரங்களிடம் ஒவ்வொன்றாகக் கூட்டிப்போனார்கள். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். காந்தமேற்றிய மரம் அங்கிருந்து 24 அடி தள்ளி நின்றது. கற்பனை இருந்தால் காந்தம் இல்லாமலே விளைவு வருகிறது. கற்பனை இல்லாவிட்டால் காந்தத்தால் எதுவும் வருவதில்லை. இதுதான் குழுவின் முடிவு. எது யாருக்குத் தரப்படுகிறது என்பதை மறைத்துவைத்துச் சோதிக்கும் முறை இன்று புதிய மருந்துகளின் ஆய்வில் பெரிதும் பயன்படுகிறது. அதன் முன்னோடி அந்தத் தோட்டத்துப் பரிசோதனைதான்.

ஆனால் குழு ஒரு கதவைத் திறந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டது. வெறும் கற்பனை என்று சொன்னார்களே, வெறும் கற்பனை ஒரு பையனைத் தரையில் வீழ்த்துகிறது என்றால் அது எவ்வளவு பெரிய செய்தி! அந்தக் கதவுக்குள் நுழைந்தவர் ஃபாரியா. கிளிஷி தெருவில் அவர் செய்தது மிக எளிமையானது. வந்தவரை வசதியாக உட்காரவைப்பார். கண்ணை மூடி, நித்திரையை மட்டும் நினைக்கச் சொல்வார். உடல் தளர்ந்ததும் "தூங்குங்கள்" என்று ஒரே சொல். திரவமோ தொட்டியோ கிடையாது. என்னிடம் எந்தச் சக்தியும் இல்லை, உறங்குபவரின் கவனமும் நம்பிக்கையும்தான் அவரை உறங்கவைக்கின்றன என்று கூட்டத்துக்குச் சொன்னார். மெஸ்மரின் பக்தர்களுக்கு அது கோபமூட்டியது, திருச்சபைக்கும் பிடிக்கவில்லை. 1816இல் அவரைக் கேலிசெய்து ஒரு நாடகம் மேடையேறியது. வகுப்புக்கு ஆட்கள் வருவது குறைந்துபோனது. தெளிந்த உறக்கத்தின் காரணங்களைப் பற்றிய அவருடைய நூல் 1819இல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 20இல் இறந்தார்.

ஃபாரியா சொன்ன எல்லாமே சரியல்ல. இரத்தம் நீர்த்தவர்களுக்கு இந்த உறக்கம் எளிதில் வரும் என்று அவர் நம்பினார்; அதற்கு ஆதாரமில்லை. ஆனால் நடுக் கருத்து நின்றுவிட்டது. இன்றைய ஆய்வாளர்களில் பலர், எல்லா ஹிப்னாடிசமும் அடிப்படையில் சுய ஹிப்னாடிசமே என்பார்கள். 1945இல் பனாஜியில், பழைய தலைமைச் செயலகத்தின் பக்கத்தில், ஃபாரியாவுக்குச் சிலை வைத்தார்கள். சாய்ந்து விழும் ஒரு பெண்ணின் மேல் இரு கைகளையும் நீட்டி நிற்கிறார். அழகான சிலை. கைக்குச் சக்தி இல்லை என்று சொன்னவருக்கு அந்தக் கைகள் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வங்காளத்தில் ஹூக்ளி சிறை மருத்துவமனையில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1845 ஏப்ரலில் மெஸ்மர் முறையில் ஒரு கைதியை ஆழ்த்தி அறுவை செய்தார்; தொடர்ந்து பெரிய கட்டிகளையும் அப்படியே அகற்றினார். 1847இல் குளோரோஃபார்ம் வந்ததும் அந்த முறை பின்னுக்குப் போனது. பாரிஸில் சல்பெத்ரியேர் மருத்துவமனையின் ஷார்க்கோ, ஹிப்னாடிசம் என்பது ஹிஸ்டீரியா நோயாளிகளுக்கு மட்டும் வரும் நரம்புநிலை என்றார். நான்சி நகரத்து லியெபோவும் பெர்னைமும், இல்லை, இது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு, சொல்லால் ஓர் எண்ணத்தை மனத்தில் பதிக்கும் கருத்தேற்றம்தான் இதன் உயிர் என்றார்கள். பெர்னைம் தனக்கு முன்னால் இதைச் சொன்னவராக ஃபாரியாவைக் குறிப்பிட்டார். வாதத்தில் நான்சி வென்றது.

நான்சியில் அந்த மரபிலிருந்து வந்த மருந்துக்கடைக்காரர்தான் எமில் குவே. 1857இல் துருவா நகரில் பிறந்தவர். மருந்துக் குப்பியைக் கொடுக்கும்போது நாலு நல்ல வார்த்தை சேர்த்துச் சொன்னால் அதே மருந்து கூடுதலாக வேலை செய்வதைக் கவனித்தார். முதலில் மற்றவர்களை ஆழ்த்திப் பார்த்தார். பிறகு அதைக் கைவிட்டு, தாங்களே தங்களுக்குச் சொல்லிக்கொள்ள மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இலவசமாக. நான் யாரையும் குணப்படுத்தியதில்லை, உங்களை நீங்கள் குணப்படுத்திக்கொள்ள வழி காட்டுகிறேன் என்பது அவர் வாயில் அடிக்கடி வந்த பேச்சு.

அவர் கொடுத்த வாசகம் உலகம் முழுக்கப் போனது: நாளுக்கு நாள், எல்லா வகையிலும், நான் மேன்மேலும் நலமடைகிறேன். வாசகத்தைவிடச் சொல்லும் முறைதான் நுட்பமானது. காலை விழித்ததும், இரவு படுத்ததும், கண்ணை மூடி, தன் காதுக்கு மட்டும் கேட்கும் அளவில் உதட்டசைத்து, இருபது முறை சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் மனம் சிக்காமல் இருக்க இருபது முடிச்சுப் போட்ட கயிற்றை விரலால் உருட்ட வேண்டும். ஜெபமாலை உருட்டிய பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் எதுவும் புதிதாகத் தோன்றாது. முக்கியமாக, முயற்சி செய்யக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் பலிக்காது என்றார் குவே. மன உறுதியும் கற்பனையும் மோதினால் எப்போதும் கற்பனையே வெல்லும் என்பது அவர் விதி. தரையில் கிடக்கும் பலகை மேல் யாரும் நடக்கலாம். அதே பலகையைக் கோபுர உயரத்தில் கட்டினால் கால் நடுங்கும். பலகையின் அகலம் மாறவில்லை, மனத்தில் ஓடும் படம் மாறிவிட்டது. நித்திரை வராதவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உறங்கியே தீரவேண்டும் என்று முயல்வதுதான் அவர்களை விழிக்கவைக்கிறது.

குவேயின் வாசகத்தைப் பிற்காலத்து ஆய்வு ஒன்று மறைமுகமாக மெச்சுகிறது. நான் அன்புக்குரியவன், நான் சாதிப்பேன் என்றெல்லாம் கண்ணாடி முன் சொல்லிக்கொள்வது இன்று எங்கும் பரவியிருக்கும் பழக்கம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோவான் வுட்டும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் அத்தகைய வாக்கியத்தைத் திரும்பத்திரும்பச் சொன்னபோது முன்பைவிடச் சோர்ந்துபோனது தெரிந்தது. உள்ளே நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, இல்லை என்று உள்ளிருந்து ஒரு குரல் மறுக்கிறது. குவே உச்சியில் நிற்கிறேன் என்று சொல்லவைக்கவில்லை. நாளுக்கு நாள் என்றார். மறுப்பதற்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை. சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் இந்த நிதானத்தைக் குவேயிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இதெல்லாம் உடம்புக்குள் எங்கே நடக்கிறது? மொன்றியலில் பியேர் ரென்வீலும் சகாக்களும் 1997இல் செய்த பரிசோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஹிப்னாடிச நிலையில் இருந்தவர்களின் கையை 47 பாகை வெந்நீரில் வைத்தார்கள். வெந்நீர் எவ்வளவு சுடுகிறது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது எவ்வளவு தாங்கமுடியாதது என்பதை மட்டும் கூட்டியும் குறைத்தும் கருத்தேற்றம் செய்தார்கள். மூளைப் படத்தில், தோலின் செய்தியை வாங்கும் உணர்வுப் புறணி ஏறக்குறைய அப்படியே இருந்தது. வலியின் வேதனையோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் பகுதியின் செயல்பாடு மட்டும் சொற்களுக்கு ஏற்ப ஏறி இறங்கியது. சூடு ஒன்று, சூட்டின் துன்பம் வேறொன்று. இரண்டாவதைச் சொற்கள் தொட முடிகிறது.

இன்னொன்று. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதிக்காட்டி, மையின் நிறத்தைச் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் தடுமாறுவோம். படிக்கத் தெரிந்த கண்ணால் படிக்காமல் இருக்க முடியாது. எளிதில் ஆழ்நிலைக்குப் போகும் ஆட்களிடம், இனி வருபவை உங்களுக்குத் தெரியாத ஒரு மொழியின் அர்த்தமற்ற குறிகள் என்று ஆய்வாளர் அமீர் ராஸ் கருத்தேற்றினார். தடுமாற்றம் பெருமளவு மறைந்துவிட்டது. சிறுவயது முதல் ஊறிப்போன வாசிப்புப் பழக்கத்தையே ஒரு வாக்கியம் சற்று நேரம் நிறுத்திவைத்தது.

எல்லோருக்கும் இவ்வளவு ஆழம் கிடைப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டில் 1959இல் வைட்சன்ஹாஃபரும் ஹில்கார்டும் உருவாக்கிய அளவுகோலின்படி, மிக எளிதில் ஆழ்பவர்கள் பத்தில் ஒருவரோ சற்றே கூடவோ. ஏறக்குறைய அதே அளவினருக்கு எதுவும் நடப்பதில்லை. மற்றவர்கள் நடுவில். இந்தத் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் ஒருவருக்குள் எளிதில் மாறாது. 25 ஆண்டு கழித்து அளந்தபோதும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருந்தார்கள். அறிவுக் குறைவோடும் மன உறுதிக் குறைவோடும் இதற்குச் சம்பந்தமில்லை. ஓய்வுப் பயிற்சியின் பலனுக்கு இந்த ஆழம் தேவையும் இல்லை.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் மயக்க மருத்துவர் மரி எலிசபெத் ஃபைமோன்வில் 1992 முதல், தைராய்டு போன்ற அறுவைகளுக்கு முழு மயக்கத்துக்குப் பதிலாக, அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசி, சிறிதளவு தணிப்பு மருந்து, கூடவே ஹிப்னாடிசம் என்ற கூட்டு முறையைக் கொண்டுவந்தார். நோயாளி தனக்குப் பிடித்த ஓர் இனிய நினைவுக்குள் மீண்டும் போய்வர, அறுவை நடக்கிறது. ஆயிரக்கணக்கானோருக்கு இப்படி அறுவை நடந்திருக்கிறது. பிரான்ஸில் அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்ம், 2015இல் அதுவரை வந்த ஆதாரங்களை அலசி அறிக்கை தந்தது. ஹிப்னாடிசம் அறுவைச் சிகிச்சையின்போது மருந்தளவைக் குறைக்க உதவுகிறது, எரிச்சல் குடல் நோய்க்கும் பயன் தெரிகிறது. புகைப்பதை விடவைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஒரே அமர்வில் சிகரெட்டை மறக்கடிப்போம் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தை எடுக்கும் முன் இந்த வரியை நினைத்துக்கொள்ளலாம்.

இனி, லாச்சப்பல் மனிதர்களுக்கு வருவோம். உணவகச் சமையலறையில் நள்ளிரவு வரை நிற்பவர்கள், விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகிறவர்கள், அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகமான ஓஃப்ராவின் முடிவுக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள். "நித்திரை வருதில்லை அண்ணை" என்பது இங்கே சுகம் விசாரித்தால் வரும் பதிலாகவே ஆகிவிட்டது. தோள் இறுகிக் கிடக்கும், வயிறு எரியும், வீடு வந்து படுத்தாலும் மனம் வேலையிடத்திலேயே நிற்கும். மருந்து மாத்திரைக்குப் போகுமுன், அல்லது அதோடு சேர்த்து, இவர்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கக் கூடியது இந்தச் சுய ஹிப்னாடிசப் பயிற்சி. கூச்சப்பட எதுவும் இல்லை. வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியைச் செய்தவர்கள் கடைசியில் உடல் தளர்த்தல் என்று படுத்திருப்பார்கள் அல்லவா, ஏறக்குறைய அதுவேதான். பாரிஸ் கட்டட வாசல்களில் சொஃப்ரொலோஜி என்று பலகை மாட்டிய நிலையங்களில் காசு வாங்கிக்கொண்டு கற்பிப்பதிலும் நம் பக்கத்துச் சரக்கு கலந்திருக்கிறது: அந்த முறையை 1960இல் தொடங்கிய அல்ஃபோன்சோ கைசெதோ என்ற கொலம்பிய மனநல மருத்துவர், பிறகு இந்தியாவிலும் ஜப்பானிலும் சுற்றி யோகமும் தியானமும் பயின்று அவற்றைத் தன் முறைக்குள் கொண்டுவந்தவர்.

செய்முறை பெரும்பாலும் ஜெர்மானிய மருத்துவர் யோகானஸ் ஷுல்ட்ஸ் 1932இல் வெளியிட்ட வழியை ஒட்டியது. கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள், அல்லது முதுகு சாய்ந்த நாற்காலியில் உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகிறது, அந்த நேரத்தை நீட்டுகிறீர்கள், அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு மூச்சு போதும். பிறகு வலக்கையில் கவனம் வைத்து, வாய்க்குள், அவசரமில்லாமல்: "என்ர வலக்கை பாரமா இருக்கு." ஐந்தாறு முறை. கையைப் பாரமாக்க முயலவேண்டாம்; சொல்லிவிட்டு என்ன தெரிகிறது என்று பாருங்கள். தசை தளர்ந்தால் கை உண்மையாகவே கனமாகத் தெரியும். இடக்கை, கால்கள் என்று அடுத்தடுத்து. அது பிடிபட்டபின் "கை சூடா இருக்கு." இங்கேதான் ஷுல்ட்ஸின் அதிசயம். பழகியவர்களுக்கு உள்ளங்கையின் வெப்பம் வெப்பமானியில் தெரியும் அளவு ஏறுகிறது. பதற்றத்தில் சுருங்கிக்கிடந்த இரத்தக் குழாய்கள் விரிந்து, சூடான இரத்தம் விரல் நுனிவரை வருகிறது. குளிர்காலத்தில் கைவிரல் விறைத்துப்போகிறவர்கள் இதை விரும்புவார்கள்.

உடல் இப்படித் தளர்ந்த நிலையில்தான் நீங்கள் மாற்ற விரும்புவதைச் சொல்ல வேண்டும். வாக்கியம் ஒன்றே ஒன்று, சின்னது, நீங்களே நம்பக்கூடியது, நீங்கள் வீட்டில் பேசும் தமிழில். 'நான் பயப்படமாட்டேன்' என்பதில் பயம் என்ற சொல்தான் மனத்தில் நிற்கும். 'நான் மெதுவாப் பேசுறன்' என்பது நல்லது. சொல்லோடு படத்தையும் சேர்க்கலாம். பிரிஃபெக்சூர் என்ற அரசு அலுவலகத்தில் பிரெஞ்சில் கேள்வி கேட்கப்படப் போகிறது என்றால், அந்தக் கதவு, அந்த நாற்காலி, உங்கள் மூச்சு, முதல் வாக்கியம் என்று ஒழுங்காக மனத்தில் நடத்திப்பாருங்கள். அல்வாரோ பாஸ்குவல் லியோன் 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாள் பியானோப் பயிற்சியை விரலை அசைக்காமல் மனத்தில் மட்டும் செய்தவர்களின் மூளையிலும், விரல்களை ஆளும் பகுதி உண்மையாக வாசித்தவர்களைப் போலவே விரிந்திருந்தது. வாசிப்பில் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள்; கொஞ்ச நேரம் கைப்பயிற்சி கொடுத்ததும் நெருங்கிவிட்டார்கள். ஆகவே மனத்தில் ஓட்டிப் பார்ப்பது பிரெஞ்சு வகுப்புக்குப் போவதற்கு மாற்று அல்ல. போனவருக்கு அது உதவும்.

சில எச்சரிக்கைகளை அழுத்தியே சொல்ல வேண்டும். போரையும் சிறையையும் கண்டவர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். கண்ணை மூடித் தளரும்போது சிலருக்கு அமைதிக்குப் பதில் பழைய காட்சி மேலெழும், நெஞ்சு படபடக்கும். அப்படி ஆனால் கண்ணைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி, அறையில் உள்ள பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பயிற்சியைத் தொடர வேண்டாம். சித்திரவதையும் அரசியல் வன்முறையும் அனுபவித்தவர்களுக்கென்றே பாரிஸ் 11ஆம் வட்டாரத்தில் 1995 முதல் பிரிமோ லெவி நிலையம் இயங்குகிறது. அங்கே மொழிபெயர்ப்பாளரோடு பேசலாம். மறந்துபோன நாளையோ விபரத்தையோ ஹிப்னாடிசத்தால் தோண்டி எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆழ்நிலையில் மனம் நடக்காததையும் நடந்ததாகக் கட்டிக்கொடுக்கும், அதை உறுதியாக நம்பவும் வைக்கும். அகதி வழக்கில் சாட்சி சொல்லப்போகும் ஒருவருக்கு இதைவிடக் கெடுதி வேறில்லை. குரல் கேட்பது, இல்லாததைக் காண்பது போன்ற மனநோய்க் குறிகள் இருப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. புதிதாக வந்த வலியை இதால் அடக்கக் கூடாது. முதலில் அதன் காரணம் தெரிய வேண்டும். லாரிபுவாசியேர் மருத்துவமனை லாச்சப்பல் மெத்ரோவிலிருந்து நடக்கும் தூரம்தான். நெஞ்சுவலி என்றால் நடக்கவும் வேண்டாம், 15ஐ அழையுங்கள்.

காலையும் இரவும் பத்துப் பத்து நிமிடம் என்று தொடங்கலாம். முதல் வாரம் கை பாரமாகாமல் போகலாம், மனம் கடை வாடகைக்கும் ஊர்க் காசுக்கும் ஓடலாம். ஓடியது தெரிந்ததும் கைக்குத் திரும்பினால் போதும், திரும்புவதும் பயிற்சிதான். சில வாரங்களில் முதல் இரண்டு மூச்சிலேயே கை கனக்கத் தொடங்கும். பிறகு மெத்ரோவில் உட்கார்ந்தபடியே செய்யலாம், வாகனம் ஓட்டும்போது மட்டும் கூடாது. வாக்கியங்களை உங்கள் குரலிலேயே கைப்பேசியில் பதிந்து கேட்பது பலருக்கு எளிதாக இருக்கிறது. பகலில் செய்து எழும்போது சட்டென்று எழும்பாதீர்கள். கைவிரல்களை மடக்கி நீட்டி, கைகளை இறுக்கி, ஆழ்ந்து ஒரு மூச்செடுத்து, அதன் பின் கண்ணைத் திறக்க வேண்டும் என்பது ஷுல்ட்ஸ் வகுத்த முறை. இரவில் செய்யும்போது இது தேவையில்லை. பாதி வாக்கியத்தில் நித்திரை வந்தால் விட்டுவிடுங்கள்.